வாசலில் பன்னிரண்டு கன மீட்டர் மண்

விற்கிற மண் நல்லதா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். வேளாண்மைக் கல்லூரியில் யாரும் இதைப் பாடமாகச் சொல்லித்தரவில்லை. வேலையில் சேர்ந்த பிறகு விவசாயிகள் செய்வதைப் பார்த்துத் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. வளைகுடாவில் நாங்கள் இருக்கிற ருவைஸிலிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால் கயாத்தி. அங்கே செடி, உரம், மண் எல்லாம் விற்கிற கீழக்கரை பாய் ஒருவருடைய யார்டில் நான் இதைச் செய்தபோது, அவர் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

"சார், மேடம் என்னா செய்றாஹ?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். என்னிடமே கேட்க அவருக்குக் கூச்சம்.

"டெஸ்ட் பண்றாங்க பாய்."

"டெஸ்டா? எங்க வூட்ல புள்ள மண்ணு தின்னா பூச்சி மருந்துல்ல குடுப்பாஹ."

நான் துப்பிவிட்டு, "உப்பு" என்றேன்.

"ஸ்வீட் சாண்டும்மா இது. பில்லுலயே ஸ்வீட் சாண்டுன்னுதான் போட்டிருக்கு" என்றார் பாய். இங்கே செடிக்கு ஆகிற மண்ணுக்கு அதுதான் பெயர். உப்பில்லாத மண் எல்லாமே ஸ்வீட். கடல் பக்கத்து மணலும் பார்க்க அதே நிறத்தில்தான் இருக்கும், பில்லுக்கும் அது தெரியாது. இரண்டாவது குவியலும் உப்புக் கரித்தது. யார்டின் கடைசியில், தார்ப்பாய் போட்டு மூடியிருந்த மூன்றாவது குவியல் கொஞ்சம் செம்மண் கலந்தாற்போல் இருந்தது. நாக்கில் வைத்தேன். நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததுதான் வேண்டும்.

நான் தலையாட்டியதும் பாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். "இனிக்கலையேம்மா" என்றார். "இனிக்காது பாய், உப்பு இல்ல, அவ்வளவுதான்" என்றேன். அடுத்த மாதம் போனபோது ஒரு பாலக்காட்டுக்காரரிடம் "நாக்குல வச்சுப் பாத்து எடுத்த மண்ணு சார் இது" என்று விற்றுக்கொண்டிருந்தார்.

அந்தக் குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டேன். உள்ளே சில்லென்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது வருடமாக நான் தொட்ட மண்ணெல்லாம் பூந்தொட்டி மண்தான். யாரும் இல்லாதிருந்தால் அதன்மேல் ஏறிப் படுத்திருப்பேன். அதே நேரத்தில் எனக்குப் பொல்லாத கோபமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷி என்ன செய்வாள், சும்மா சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன்.

கோபத்துக்குக் காரணம் ஒரு கடிதம். நான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வட்டாரத்தில் வேளாண்மை அலுவலராக இருந்தவள். என் வீட்டுக்காரருக்கு ருவைஸ் ரிஃபைனரியில் வேலை கிடைத்ததும் சம்பளமில்லா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு நான்கு வயது மகளோடு இங்கே வந்தேன். நீட்டி நீட்டி வாங்கிய விடுப்பு வருகிற மார்ச்சோடு முடிகிறது, இனிமேல் நீட்டிப்பு இல்லை. வந்து சேர்கிறீர்களா, ராஜினாமா செய்கிறீர்களா, நவம்பர் முடிவதற்குள் எழுத்தில் தெரிவிக்கவும் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. சேர்ந்தால் நானும் மகளும் கோவையில், அவர் ருவைஸில். சேராவிட்டால் நான் படித்த படிப்பும் பார்த்த வேலையும் அத்தோடு சரி.

கடிதத்தை அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "நீயே யோசிச்சுச் சொல்லு" என்றார். சரியாக ஒரு வாரம் கழித்து, "தோட்டம் போடலாம்னு இருக்கறேன், மண்ணு வாங்கப் போலாமா" என்றார். ஒன்பது வருடத்தில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியறியாத மனிதர். நான் வேறு என்ன நினைப்பேன்? என்னை இங்கேயே பிடித்துவைக்கத் தோட்டத்தை லஞ்சமாகத் தருகிறார் என்றுதான் நினைத்தேன். வைரத் தோடு கொடுத்திருந்தாலாவது வாங்கிப் போட்டுக்கொண்டு விமானம் ஏறியிருக்கலாம். மண்ணை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

அந்த மண்ணும் கொஞ்சநஞ்சமாக வரவில்லை. அவர் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர், எக்ஸெல் ஷீட் போடாமல் கத்தரிக்காய்கூட வாங்க மாட்டார். கொல்லைப்புறத்தை அளந்து கணக்குப் போட்டதில் நான்கு கன மீட்டர் வந்தது. தண்ணீர் விட்டால் அமுங்கும் என்று கொஞ்சம் சேர்த்தார். காற்றில் பறப்பதற்குக் கொஞ்சம். டிசைன் மார்ஜின் என்று கொஞ்சம். எட்டு ஆயிற்று. "எட்டுக்கு லாரி மாஃபி சார், கெடையாது, பன்னெண்டுதான்" என்று பாய் சொன்னதும், மார்ஜின் இன்னும் பலமாகிறதே என்று இவருக்கு ஒரே சந்தோஷம். தாலிக்கொடி வாங்கும்போது இந்த மார்ஜின் எங்கே போயிருந்தது என்று கேட்டேன்.

சனிக்கிழமை மாலை டிப்பர் வந்தது. ஓட்டிவந்த பட்டாணியர், "கிதர் டாலேகா பாய்?" என்று, எங்கே கொட்டுவதென்று கேட்டிருக்கிறார். இவர் போனில் பேசிக்கொண்டே கையை ஒரு பக்கமாக வீசியிருக்கிறார். கை வீசிய பக்கம் பன்னிரண்டு கன மீட்டரும் சரிந்து இறங்கியது. அது எங்கள் காருக்கும் கேட்டுக்கும் நடுவில். நான் ஓடிவந்து பார்த்தபோது லாரி தெருமுனை திரும்பிவிட்டது. அவர் மண்ணுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் இருக்கிற காரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஒரு வாரம் பக்கத்து வீட்டுக்காரர் காரில் தொற்றிக்கொண்டுதான் டூட்டிக்குப் போனார்.

வெறும் மண்ணில் ஒன்றும் விளையாது, அதற்குச் சாப்பாடு போட வேண்டும். என்னென்ன, எவ்வளவு என்று நான் சொல்லியிருப்பேன், கேட்டிருந்தால். கேட்கவில்லை. வீட்டில் ஒரு வேளாண்மைப் பட்டதாரி சோறு வடித்துக்கொண்டிருக்க, இவர் யூட்யூபில் ஒரு தாடி வெள்ளைக்காரரிடம் பாடம் கேட்டார். அமெரிக்காவில் எங்கோ மலையடிவாரத்தில் நின்றுகொண்டு, வெளியில் வளர்க்கிற பெரிய செடிகளுக்கு லாரி மண்ணை எப்படித் தயார் செய்வது என்று அவர் ஒன்பது பாகமாகச் சொல்லியிருந்தார். ஒரு செடிக்கு ஒரு அண்டா மண். நண்டு ஓட்டுத் தூள், கடற்பாசி, மண்புழு உரம், ஜிப்சம், வௌவால் எச்சம், குதிரை மசால் என்று ஒரு பெரிய சாமான் பட்டியல். இவர் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டார்.

"எதுக்குங்க இவ்வளவு?" என்றேன்.

"பெருசா வளக்கோணும்."

"என்னத்த?"

"தக்காளி. ஏழடி."

அவர் என் மூக்கை உடைத்துவிட்டதாக நினைத்து ஒரு வாரம் நான் அந்த நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒருநாள் அவர் டூட்டிக்குப் போன பிறகு திருட்டுத்தனமாகப் பார்த்தேன். அளவெல்லாம் கச்சிதமாக இருந்தது. தாடிக்காரர் விஷயம் தெரிந்தவர்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளைக்காரர் சொன்ன சாமான் எதுவும் இங்கே கிடைக்காது என்று நினைத்தால் அதுவும் தப்பு. குதிரை மசால் கயாத்திப் பண்ணைகளில் ஒட்டகத்துக்கு மலைமலையாக விளைகிறது. நண்டு ஓடு மீன் மார்க்கெட்டில் சும்மா கொடுத்தார்கள், மூட்டையைக் கட்டி எங்கள் கையில் திணித்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கடற்பாசியைக் கரையில் பொறுக்கி மூன்று தண்ணீரில் அலசினோம். வௌவாலுக்குப் பதில் ஆட்டுப்புழுக்கையும் கோழி எருவும். தென்னை நார்க்கழிவு செங்கல் மாதிரி கட்டி கட்டியாக வந்தது, உறையில் பொள்ளாச்சி என்று அச்சடித்திருந்தது. என்னைவிடச் சுலபமாக விசா வாங்கி வந்து சேர்ந்திருக்கிறது.

இவர் சும்மா இருந்திருக்கலாம். ருவைஸ் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது வீடு இருக்கிறது. தாடிக்காரரின் முதல் பாகத்தை அதில் போட்டு, "அருமையான மனிதர், எல்லோரும் பின்பற்றவும்" என்று எழுதினார். இரண்டு வீட்டில் மறுநாளே நண்டு ஓடு வாங்கிவிட்டார்கள்.

ஏழாவது பாகம் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மகள் தண்ணீர் குடிக்க வந்தாள். எட்டாம் வகுப்பு. பேசுவது பாதிக்குமேல் ஆங்கிலம். அவள் டம்ளரோடு நின்று டிவியைப் பார்த்தாள். அதுவரைக்கும் மண்ணையே காட்டிக்கொண்டிருந்த தாடிக்காரர் அன்றைக்குத்தான் செடிகள் நடுவில் வந்து நின்றார். வீட்டுக் கூரை உயரத்துக்குச் செடிகள். ஒவ்வொரு இலையும் விரித்த கைவிரல் மாதிரி.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? தட்ஸ் கஞ்சா."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அப்புறம் டிவியை உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. தாடிக்காரர் அந்த ஊர்ச் சட்டப்படி வளர்க்கிறாராம், உரிமமெல்லாம் இருக்கிறதாம், அதையும் மகள்தான் படித்துச் சொன்னாள். இங்கே அந்தச் செடியின் பெயரைச் சொன்னாலே நாக்கு உலர்ந்துவிடும். இவர் டிவியை அணைத்தார். ஒயரைப் பிடுங்கினார். போனில் இருந்த யூட்யூபையே அழித்தார். குழுவில் போட்ட செய்தி ஞாபகம் வந்ததும் அதையும் அழித்தார். அழித்தால் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி நிற்குமே, அதைப் பார்த்துவிட்டு அதுவரை எதையும் கவனிக்காத முப்பது வீடும் விழித்துக்கொண்டது. என்ன அழித்தீர்கள், எதற்கு அழித்தீர்கள், ஏதாவது கிசுகிசுவா என்று ஒருவர் மாற்றி ஒருவர்.

முதலில் போன் செய்தவர் ரிஃபைனரியில் சேஃப்டி ஆபீசராக இருக்கும் திருநெல்வேலிக்காரர். இவருக்கு உயிர் நண்பர், எனக்குத் தம்பி மாதிரி. ஸ்பீக்கரில் கேட்டது.

"எண்ணே, அந்த வீடியோவ எதுக்கு எடுத்திய? நான் ஆறு பாகம் பாத்துட்டம்லா. ஏழாவதுல என்ன செய்தான்?"

"ஏழாவது வேண்டாம்பா. ஏழாவத மறந்துரு."

நான் சோபாவில் விழுந்து புரண்டு சிரித்தேன். வயிறு வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் பாவம், ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நான்தான் தேற்றினேன். மேலே எது நிற்கப்போகிறது என்று மண்ணுக்குத் தெரியாதுங்க, அளவெல்லாம் சரியாகத்தான் இருக்குது, நம்ம தக்காளியும் அதையேதான் சாப்பிடும் என்றேன். நோட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்தது அப்படித்தான் வெளியே வந்தது.

மண் கலந்த நாள் எனக்குத் தீபாவளி. இவர், சேஃப்டி ஆபீசர், இன்னும் இரண்டு பேர், நான்கு பேரும் உடம்பை முழுக்க மூடுகிற கம்பெனி கவரால், கையுறை, கண்ணாடி சகிதம் வந்து இறங்கினார்கள். ரிஃபைனரியில் பெர்மிட் எழுதாமல் ஒரு போல்ட்டைக்கூடத் திருப்ப மாட்டார்கள், அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சேஃப்டி ஆபீசர் உண்மையிலேயே ஒரு காகிதத்தில் பெர்மிட் எழுதி கேட்டில் ஒட்டினார். வேலை: மண் கலத்தல். அபாயம்: முதுகுப் பிடிப்பு, கோழி எரு, மைனி. மைனி என்றால் நான்தான், அவர்கள் ஊரில் அண்ணிக்கு அப்படிச் சொல்வார்கள். நான் பேனாவை வாங்கி அபாயங்களின் வரிசையில் என்னை முதலில் போட்டேன்.

சலித்தோம், கொட்டினோம், புரட்டினோம். ஒரு அடுக்கு மண், ஒரு அடுக்கு எரு, ஒரு அடுக்கு குதிரை மசால். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குவியல்மேல் ஏறி நின்று, அங்கே தண்ணி தெளிங்க, இங்கே பத்தாது என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடத்தில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் டீயோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, "உங்களுக்கு இவ்வளவு பேச வருமா" என்றாள். சாயங்காலம் ஈரச் சாக்குப் போட்டு மூடிவிட்டு எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன், மூன்று வாரம் யாரும் கையை வைக்கக் கூடாது. ஏன் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது ஊருக்கெல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

மகளுக்கு ஒரு வாரம் லீவு வந்தது. பஹ்ரைனில் ஈசா டவுனில் என் அக்கா இருக்கிறாள், அங்கே கிளம்பினோம். முடிவு எடுக்காமல் திரும்புவதில்லை என்று மனதில் வைத்துக்கொண்டுதான் போனேன். அக்காவிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னதைவிட மண்ணைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். நண்டு ஓடு, தாடிக்காரர், பெர்மிட் எல்லாம் நடித்தே காட்டினேன். அவள் சிரித்து முடித்துவிட்டு, "வெவசாயத்தப் பத்திப் பேசறப்பத்தான்டி நீ முழு ஆளா இருக்கற" என்றாள். அன்றைக்குப் பகல் முழுக்க யோசித்தேன். எனக்குத் தேவை ஒரு கொல்லைப்புறம் இல்லை, ஒரு வட்டாரம். ஆனால் அவரிடம் எப்படிச் சொல்வது? லாரி மண்ணை இறக்கி வைத்திருக்கிற மனிதரிடம்? தினமும் போன் செய்தார். மண் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "எல்லாம் நார்மல்" என்பார். கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ருவைஸ் திரும்பும் நாளன்று, பஹ்ரைன் விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, பணியில் சேர்கிறேன் என்று மெயில் அனுப்பினேன்.

ருவைஸ் வந்து டாக்ஸியிலிருந்து இறங்கினால் எங்கள் வீட்டைச் சுற்றி மஞ்சள் டேப் கட்டியிருக்கிறது. மாடிக் கம்பியில் என்னுடைய சிவப்பு துப்பட்டா பறக்கிறது. குவியலைக் காணோம். கேட்டிலிருந்து கொல்லைப்புறம்வரை, கார் நிற்கிற இடம் உட்பட, நான்கு விரல் உயரத்துக்கு மண் பரப்பிக் கிடக்கிறது, சொதசொதவென்று. அதன் ஓரத்தில் கவரால் போட்ட நான்கு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் பெரிய தீ விபத்தைத் தடுத்துவிட்ட களை.

"மைனி, ஒண்ணும் பயப்படாதிய" என்றார் சேஃப்டி ஆபீசர். "கண்ட்ரோல் பண்ணியாச்சு."

"எதைய?"

அவர் ஒரு லாக் ஷீட்டை நீட்டினார். என் வீட்டுக்காரர் குவியலின் வயிற்றில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி வைத்திருக்கிறார், சும்மா ஆசைக்கு. முதல் நாள் முப்பத்தெட்டு டிகிரி, நார்மல் என்று எழுதியிருந்தது. அடுத்த நாள் நாற்பத்தொன்பது, கவனிக்கவும். அதற்கடுத்த நாள் ஐம்பத்தெட்டு, ஏறுமுகம், நண்பருக்குத் தகவல் சொல்லப்பட்டது. நான்காம் நாள் காலை அறுபத்துமூன்று, சாக்கிலிருந்து வெள்ளைப் புகை. அதற்குக் கீழே சிவப்பு மையில் எமர்ஜென்சி.

எரு போட்ட குவியல் சூடாகும். ஆக வேண்டும். அந்தச் சூட்டில்தான் பச்சை எரு வெந்து செடிக்குச் சாப்பாடாகும், களை விதையெல்லாம் சாகும். வந்தது புகை இல்லை, ஆவி. இது எந்த விவசாயிக்கும் தெரியும். ஆனால் இந்த நான்கு பேரும் இருபது வருடமாக ஏறுகிற டிகிரியைப் பார்த்துப் பயப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள். டிகிரி ஏறினால் இறக்கு, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். குவியலைப் பிரித்திருக்கிறார்கள். பிரித்ததும் கோழி எருவின் வாடை ஆளைத் தூக்க, சேஃப்டி ஆபீசர் சட்டையில் மாட்டியிருந்த கேஸ் டிடெக்டர் கத்தியிருக்கிறது. கத்தினால் காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும் என்பது விதி. காற்று எந்தப் பக்கம் என்று தெரிய கொடியில் கிடந்த என் துப்பட்டாவை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டிவிட்டு முறைப்படி ஓடியிருக்கிறார்கள், நான்கு பேரும், தெருமுனைவரை. திரும்பி வந்து பரப்பி, இரண்டு நாள் ஹோஸ் போட்டு நனைத்து, மண்ணை வெற்றிகரமாகப் பச்சைத் தண்ணியாக்கி வைத்திருக்கிறார்கள்.

பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு வந்த சிரிப்பை நிறுத்த முடியவில்லை. என் மகளும் சேர்ந்துகொண்டாள். அது ஏன் சூடாகணும் என்று நான் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தபோது நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சேஃப்டி ஆபீசர் லாக் ஷீட்டை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "அப்ப நாங்க வாறோம் மைனி" என்றார். மூன்று பேரும் டேப்பைக் குனிந்து தாண்டிப் போனார்கள். மகள் குளிக்க உள்ளே போனாள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிட்டால் வலிக்காது என்று தோன்றியது.

"ஏனுங்க, நான் சேர்றேன்னு மெயில் போட்டுட்டனுங்க."

"தெரியும்" என்றார். "நீ கெளம்பறப்பவே உன் மொகத்துல தெரிஞ்சுது."

"கோபமா?"

"எதுக்கு?"

"என்னையப் புடிச்சு வெக்கத்தான இத்தன மண்ணு வாங்குனீங்க. நான்தான் கேக்கல."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

"உன்னையப் புடிச்சு வெக்கவா? லெட்டரப் படிச்ச அன்னிக்கே நீ போகோணும்னு நான் முடிவு பண்ணிட்டேன். ஒன்பது வருசம் இருந்தது போதாதா. மண்ணு எனக்கு வாங்கினது."

"உங்களுக்கா?"

"அதுனாலதான உன்னையக் கேக்காம வீடியோ பாத்துப் படிச்சேன். நீ இருக்கறப்ப உன்னையக் கேட்டுப் பழகிட்டா, அப்பறம் யாரைக் கேக்கறது?" மண்ணில் கிடந்த தெர்மாமீட்டரைக் குனிந்து எடுத்துக் கவராலில் துடைத்தார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டா, டூட்டி முடிஞ்சு வந்து கதவத் தொறக்கறப்ப, ஆள் ஒசரத்துக்கு ஒண்ணாச்சும் நிக்கோணுமல்ல."

எனக்குச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு மாதமாக அவரைப் பற்றி மனதுக்குள் பேசிய பேச்செல்லாம் திரும்பி வந்து என் முகத்தில் அறைந்தது. அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன். பக்கத்து வீட்டில் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்கினேன். மார்ச்சுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது, அவருக்கு மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. அதிலிருந்து ஆரம்பித்தோம்.